மார்க்கை வாய்விட்டுச் சொல்லாத வீடு

என் கணவர் போனை எடுக்கவில்லை.

மறுபடியும் அடித்தேன். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. கீழே கிடங்கில் சுக்கு மூட்டை பிரித்திருந்தார்கள். அந்தக் காட்டம் ஜன்னல் வழியாக ஏறி வந்ததில் தொண்டை கமறியது. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என் மகள் நஸ்ரின் உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில் கிடந்தன.

டெல்லியில் எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாக எழுதித் தருகிற பக்கம் அது. அன்றைக்கு ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். நாங்கள் எப்போதோ எழுதிக் கொடுத்தாயிற்று. ஆனால் தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று எனக்குச் சற்று முன்னால்தான் தெரிந்தது. திருத்த வேண்டுமானால் உள்ளே போக வேண்டும், உள்ளே போக ஓடிபி வேண்டும், அந்த ஓடிபி போய் விழுவது என் கணவரின் போனில். அவரோ ஆலுவாவில் ஒரு கிடங்கில் இருந்தார்.

"அத்தா வெல பேசிட்டிருப்பாரும்மா. வெல பேசறப்ப போன் எடுக்க மாட்டாருன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றாள் நஸ்ரின்.

"எடுக்கற வரைக்கும் அடிப்பேன்."

"விடும்மா. இருக்கற மாதிரியே இருந்துட்டுப் போகட்டும்."

பிள்ளை சோர்ந்து போய்விட்டாள் என்று நினைத்தேன்.  பன்னிரண்டு வருஷம் படித்ததும், எழுதிய பரீட்சையும், வாங்கிய மார்க்கும் கடிகாரம் ஐந்து அடித்தால் வீண் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

விரல் பேசும் கடைத்தெரு

கொச்சியில் இந்த மட்டாஞ்சேரிக்கு நான் மருமகளாக வந்தவள். பிறந்தது தேனிப் பக்கம். என் கணவர் ஷாகுல் மலைச்சரக்குத் தரகர். மிளகு, ஏலம், சுக்கு என்று விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைப்பது அவர் வேலை. அவருடைய அத்தாவும் அதே தொழில்தான்.

அந்தக் காலத்தில் இங்கே விலையை வாயால் சொல்லவே மாட்டார்களாம். இரண்டு பேர் கையின் மேலும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்துப் பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது துண்டு போய் வாட்ஸப் வந்துவிட்டது. ஆனாலும் என் வீட்டுக்காரர் நாலு பேர் நடுவில் ஓர் எண்ணைச் சொல்ல மாட்டார். டாக்டர் அவருடைய சர்க்கரை அளவைச் சத்தமாகச் சொன்னால்கூட முகம் சுருங்கிவிடும்.

இன்னொரு விதியும் உண்டு. வேண்டிய சரக்கை முதலில் கையில் எடுக்கக் கூடாது. வேண்டாத மூட்டையில் நாலைந்தைக் கிளறி, மோந்து, முகம் சுளித்து, போகிற போக்கில் "அது என்ன?" என்று கேட்க வேண்டும். ஆசையைக் காட்டினால் காரியம் கெட்டது.

பெண் பார்த்த லட்சணம்

இந்த விதியில் நானே ஒரு தடவை மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தபோது இவர்கள் வீட்டில் ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. என் சின்னம்மா மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, என்ன படிக்கிறாய், என்ன சமைப்பாய் என்று அப்படி ஒரு கொஞ்சல். மாமியார் எங்கள் வீட்டு மாட்டைக்கூட விசாரித்தார். என்னை விசாரிக்கவில்லை. நான் அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

வண்டியில் ஏறப் போகும்போது, செருப்பைத் தேடுகிற சாக்கில் மாமியார் என் அம்மாவிடம் கேட்டார். "அப்ப பொண்ண எப்பக் கூட்டிட்டுப் போறது?"

சிரிக்க வேண்டிய கதைதான். பேரன் பேத்தி எடுக்கும்வரை சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் அந்த வீட்டில் பிறந்து வளர்கிற ஒரு பெண்ணுக்கு இந்த விதி எலும்பு வரைக்கும் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காக்கநாட்டு மரத்தடி

இப்போதெல்லாம் பிளஸ் டூவில் எத்தனை வாங்கினாலும் ஆகாது. நாடு முழுக்க ஒரே நுழைவுத் தேர்வு. அதில் வாங்குகிற மார்க்தான் பெரிய கல்லூரியின் கதவைத் திறக்கும்.

நஸ்ரின் பொருளாதாரம் படிக்க வேண்டும், டெல்லியில் எல்லோரும் மூக்கில் விரல் வைக்கிற அந்தப் பெரிய கல்லூரியில் படிக்க வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவள் கணக்கில் கெட்டிக்காரி. இடப்பள்ளி டியூஷன் சார் ஒருநாள், "இந்தக் குட்டி அங்கே போக வேண்டியவள்" என்று சொன்னார். அவள் அத்தாவுக்கு முகம் பூத்துவிட்டது. நானும் பூரித்துப் போனேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து பயம் பிடித்தது எனக்கு. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. அவள் புத்தகத்தை மூடினால் பயம், ரொம்ப நேரம் திறந்திருந்தால் காய்ச்சல் வருமோ என்று பயம். குர்ஆனிலிருந்து யாசீன் ஓதித் தண்ணீரில் ஊதிக் குடிக்கக் கொடுத்தேன். பால்கனியில் காக்கா கத்தினால்கூட அது நல்ல சகுனமா என்று யோசித்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பரீட்சை காக்கநாட்டில், ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் நடந்தது. வெளியே மரத்தடியில் பெற்றோர் கூட்டம். ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை. ஓர் அப்பா வாட்டர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார், ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை. நஸ்ரினின் தோழி அஞ்சனாவின் அம்மா சிந்து சேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லென்றிருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வெளியே வந்த நஸ்ரினிடம், "எப்படி?" என்று கேட்டேன்.

"கொழப்பமில்லம்மா," என்றாள். இந்த ஊரில் பரவாயில்லை என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் பரவாயில்லை என்று தெரியவில்லை.

உறுதியாத் தெரியுமா?

ரிசல்ட் வந்த அன்று மதியம் மத்தி மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். நஸ்ரின் போனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அதை அப்படியே அத்தாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. என்னிடம் நீட்டினார். கை நிறைய மசாலா, கழுவாமல் எட்டிப் பார்த்தேன். மூன்று பேரும் பார்த்தாயிற்று. ஒருவரும் அந்த எண்ணைச் சொல்லவில்லை.

எனக்கு அது நிறையவா, குறைவா என்றே தெரியவில்லை. டியூஷன் சாருக்குப் போன் போட்டோம். "பார்டரில் நிற்கிறது. போன வருஷமாக இருந்தால் கிடைத்திருக்கும். இந்த வருஷம் எப்படியோ," என்றார். 

நஸ்ரின் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து வந்தவளின் கண் சிவந்திருந்தது. நான் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"போகுது போ. போதாதுன்னா என்ன, உலகமா முடிஞ்சு போச்சு?"

"போதாதாம்மா?" என் தோளிலிருந்து தலையை எடுத்து அவள் என்னைப் பார்த்தாள். "ஒனக்கு உறுதியாத் தெரியுமா?"

பாவம் பிள்ளை, எவ்வளவு பயந்திருக்கிறது என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று அவள் சோற்றைத் தொடவில்லை. மீன் அப்படியே ஆறிக் கிடந்தது.

தரகர் போட்ட வரிசை

கல்லூரிகளை வரிசைப்படுத்தும் நாள் வந்தபோது வீட்டில் தரகர்தான் தலைவர்.

"மோளே, பெரிய காலேஜ மொதல்ல போடாதே," என்றார். "மார்க்கு பத்துமோ பத்தாதோன்னு நிக்கறோம். எடுத்த எடுப்புல அதக் கேட்டா, இதுக்கு இவ்வளவு ஆசையான்னு ஒதுக்கிருவான். கெடைக்கற காலேஜ மொதல்ல கேளு. கைல ஒண்ணு விழட்டும். அப்புறம் மெல்ல மேலே போலாம்."

பெரிய கல்லூரி ஐந்தாவதோ ஆறாவதோ போய் உட்கார்ந்தது. மேலே எல்லாம் சுமாரான கல்லூரிகள், அவற்றிலும் பொருளாதாரமே.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பயந்தவளுக்கு எந்தப் புத்தி சொன்னாலும் சரியாகத்தான் படும். இருந்தாலும் ஒரு பேச்சுக்கு, "அழுத பிள்ளைக்குத்தானே பால்?" என்று கேட்டு வைத்தேன்.

"இது பால் இல்ல, யாவாரம்," என்றார்.

நஸ்ரின் மட்டும் ஆச்சரியமாக உடனே ஒப்புக்கொண்டாள். "அத்தா சொல்றதுதான் சரி. கீழ உள்ளதெல்லாம் நானே போட்டுக்கறேன்," என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மீன் வண்டி முன்னால்

கடைசி நாள் மதியத்துக்கு மேல் மழை கொஞ்சம் விட்டபோது மீன் வண்டி வந்தது. கீழே இறங்கினேன். சிந்து சேச்சியும் நின்றிருந்தார். பேச்சோடு பேச்சாக, அஞ்சனாவுக்கு எதை முதலில் போட்டீர்கள் என்று கேட்டேன். அதே பெரிய கல்லூரியைச் சொன்னார். அஞ்சனாவின் மார்க் நஸ்ரினைவிடக் குறைவு என்று எனக்குத் தெரியும்.

"அதுக்குப் பத்தலன்னா?"

சிந்து சேச்சி பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொன்னார். "கிட்டியில்லெங்கில் அடுத்தது நோக்கும், மும்தாஜ். மேலேருந்து ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு வரும். எது மொதல்ல ஒக்குதோ அத்தோட நிக்கும். அதுக்குக் கீழ உள்ளத திரும்பிக்கூடப் பாக்காது."

"கைல ஒண்ணு விழுந்தப்புறம் மேல போகலாம்ல?"

"மொதல்ல போட்டதே கிட்டியால் பின்னே மேலே எங்கே இருக்கு? அதான் எல்லாத்துக்கும் மேலே."

அயிலையை வாங்காமலேயே படியேறினேன்.  நஸ்ரினின் மார்க்குக்கு அந்தச் சுமாரான கல்லூரி கண்ணை மூடிக்கொண்டு கிடைத்துவிடும். கிடைத்தால் அதோடு முடிந்தது. நாங்களே எங்கள் கையால் கதவைச் சாத்தி, சாவியையும் தூக்கிப் போட்டிருக்கிறோம்.

ஆலுவாவில் ஒரு சத்தம்

கடைசியில் போனை எடுத்தார். ரகசியக் குரலில், "என்னா? ஆளு நிக்குது," என்றார்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ஏறவில்லை. "அது எப்பிடி, ஆசைய மொத வரியிலயே காட்டினா..."

"அது கம்ப்யூட்டருங்க! அதுக்கு உங்க மூஞ்சியும் தெரியாது, எம் மூஞ்சியும் தெரியாது. கேட்டாக் குடுக்கும். கேக்கலன்னாக் குடுக்காது."

மறுமுனையில் லாரி பின்னால் வருகிற பீப் பீப் சத்தம் மட்டும் கேட்டது.

"நஸ்ரி, ஓடிபி அனுப்பு," என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தரம் அதட்டிய பிறகுதான் அழுத்தினாள்.

"வந்திருச்சு," என்றார் அவர். "வெளிய போயிச் சொல்றேன், இரு."

"வெளிய போறதுக்குள்ள அது செத்துப்போயிரும். இங்கயே சொல்லுங்க!"

முணுமுணுத்தார். லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "சத்தமா!" என்று கத்தினேன். கீழே கிடங்கில் சுக்கு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

பிறப்பு முதல் கடைத்தெருவில் ஓர் எண்ணை வாய்விட்டுச் சொல்லாத மனுஷன், ஆலுவாவில் அத்தனை வியாபாரிகள் நடுவில், ஒவ்வொரு எண்ணாக உரக்கச் சொன்னார். பின்னால் யாரோ, "எதுக்கு சேட்டா இவ்வளவு வெல?" என்று கேட்டதும், பலர் சிரித்ததும் எனக்கே கேட்டது.

பட்டியலின் அடியில்

பக்கம் திறந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"பெரிய காலேஜ மேல இழு. சீக்கிரம்."

நஸ்ரின் அசையவில்லை.

"இழுடி!"

"வேண்டாம்மா."

மௌஸை நானே பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியின் பலம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கை அவ்வளவு பலமாக எதையும் பிடித்து நான் பார்த்ததில்லை.

"எனக்கு அது வேண்டாம்."

"பின்ன என்னதான் வேணும்?"

அவள் பட்டியலைக் கீழே தள்ளினாள். தள்ளிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் அடியில், கடைசி வரியில், நான் பேர்கூடக் கேட்டிராத ஒரு சின்னக் கல்லூரி. படிப்பு, புவியியல்.

"இதா? மேப்பு வரையறதா?"

"மேப்பு மட்டும் இல்லம்மா." விரலால் கீழ்த்தளத்தைக் காட்டினாள். "நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வருதே, அது."

எங்கள் சந்தில் கடல் ஏற்றத்தின்போது காயல் தண்ணீர் படியேறிக் கீழ்த்தளத்துக்குள் வந்துவிடும். மழையே இல்லாத நாளிலும் வரும். நான் மூட்டைகளை நகர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பேன். இவள் சாக்பீஸை எடுத்துச் சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் கோடு போடுவாள். வருஷா வருஷம் கோடு மேலே ஏறிக்கொண்டே போகிறது என்பாள். சுவரை நாசமாக்காதே என்று நான் வைததுதான் மிச்சம். அதற்கு ஒரு படிப்பு இருக்கிறது, அதற்கு இவள் ஏங்கிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தகப்பனைப் போலவே, வேண்டிய மூட்டையைக் கடைசி வரை தொடாமலேயே நின்றிருக்கிறாள்.

கோபம் வந்தது. பளாரென்று ஒன்று வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. எத்தனை மாசம், எத்தனை யாசீன், எத்தனை ராத்தூக்கம்! அந்தப் பெரிய கல்லூரியின் பேரைச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. இந்தச் சின்னக் கல்லூரியில் படித்து நாளைக்கு இவள் என்ன ஆவாள்? ஹாஸ்டல் எப்படியோ, ஊர் எப்படியோ, வேலை கிடைக்குமோ கிடைக்காதோ? முன்னால் இருந்த பயத்துக்காவது ஒரு பேர் இருந்தது, மார்க் என்று. இதற்குப் பேர்கூட இல்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். யோசிக்க நேரமில்லை. நேரம் இருந்திருந்தால் நான் யோசித்து யோசித்துக் கெடுத்திருப்பேன்.

அந்தக் கடைசி வரியைப் பிடித்து மேலே இழுத்தேன். பாதி வழியில் கை நழுவி எங்கோ நடுவில் விழுந்தது. மறுபடி பிடித்தேன். நஸ்ரின் என் கையின் மேல் தன் கையை வைத்தாள். இரண்டு பேருமாக இழுத்து முதலாவதாக நிறுத்தினோம். பதிவானது என்று திரை சொன்ன பிறகும் அவள் என் கையை விடவில்லை.

போன் அடித்தது. "மாத்தியாச்சா? பெருசு மேல வந்துச்சா?" என்றார் அவர்.

"அவ கேட்டது மேல வந்திருச்சு," என்றேன். மீதியை அவர் வீட்டுக்கு வந்ததும் நேரில் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயா குடிக்கும்போது என்னிடம் மெதுவாக, "அந்தப் படிப்பு நல்ல சரக்குதானா?" என்று கேட்டார்.

முதலில் கேட்டதே கிடைத்தது. அடுத்து எந்தெந்தக் கல்லூரிக்கு எந்த மார்க் வரை எடுத்தார்கள் என்று வெளியிட்டார்கள். பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன். அந்தப் பெரிய கல்லூரியில், அந்தப் பெரிய படிப்புக்கு, என் மகளின் மார்க் போதும். தாராளமாகப் போதும்.

என் கணவரிடம் இதை நான் சொல்லவில்லை. அவர் படிப்பது மலையாளப் பேப்பர், அதனால் இங்கே தமிழில் எழுதுகிறேன். ஆனால் அன்று மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த நஸ்ரினிடம் போய் நின்றேன்.

"ஒம் மார்க்கு பெரிய காலேஜுக்குப் போதுமாயிருந்திருக்குடி."

அவள் நிமிரவில்லை. ஒரு சுடிதாரை உதறி மடித்தாள்.

"தெரியும்மா. ரிசல்ட் வந்த அன்னைக்கே தெரியும். அது போதுமேங்கற பயத்துலதான் எனக்குச் சோறு எறங்கல."